ரத்தம் உறையாத பிள்ளைகள்

சூரியன் அஸ்தமிப்பதே இல்லை என்று பெருமை பேசிய ஒரு சாம்ராஜ்யத்திற்குத் தலைவியாக இருந்தவர் விக்டோரியா மகாராணி. 1876-ஆம் வருஷம் 'இந்தியாவின் சக்கரவர்த்தினி' என்ற பட்டத்தையும் அவர் சூட்டிக்கொண்டார். நமது தேசத்தின் செல்வம் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிய சீமை அது. ஆனால் அந்தச் செல்வம் முழுவதையும் கொட்டினாலும் மகாராணியால் ஒரு பொருளை வாங்க முடியவில்லை. அவருடைய எட்டாவது குழந்தையாகிய லியோபால்டு இளவரசரின் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துதான் அது. 1884-ஆம் வருஷம் பிரான்சு தேசத்தில் கான் என்ற ஊரில் இளவரசர் வழுக்கி விழுந்தார். மறுநாள் பொழுது விடிவதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 30.

அந்த வியாதி அவரோடு போகவில்லை. மகாராணியின் பெண்கள் வழியாகவும் பேத்திகள் வழியாகவும் ருஷியாவிலும் ஸ்பெயினிலும் அரண்மனைகளில் புகுந்தது. ருஷியச் சக்கரவர்த்தியின் ஒரே புதல்வன் அலெக்ஸிக்கு 1904-ல் பிறந்த சில வாரங்களிலேயே தொப்புளில் ரத்தம் கசிந்தது. மகன் பிழைக்க வேண்டும் என்ற ஏக்கத்தில் தாயார் ரஸ்புடீன் என்னும் சாமியாரை நம்பியதும், அதனால் அரசாங்கமே ஆட்டம் கண்டதும் சரித்திரம் அறிந்த கதை.

இந்த வியாதிக்கு 'ஹீமோபிலியா' என்று பெயர். அரச குடும்பத்து வியாதி என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டாகிறது. மாளிகை, குடிசை என்ற பேதம் இதற்கு இல்லை. இந்தக் கணக்குப்படி நமது தேசத்தில் மட்டும் ஹீமோபிலியா உள்ளவர்கள் லக்ஷத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால், வியாதி இன்னதென்று கண்டறிந்து பதிவு செய்யப்பட்டவர்கள் அதில் ஒரு சிறு பங்கே.

வியாதியின் தன்மை

கத்தியால் விரலைக் கீறிக்கொண்டால் சில நிமிஷங்களில் ரத்தம் தானே நின்றுவிடுகிறது. இதை நாம் ஆச்சரியமாக நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் நம் உடலில் நடக்கும் வேலை கொஞ்சமல்ல. கிராமத்தில் வைக்கோற்போர் தீப்பற்றிக்கொண்டால் கிணற்றடியிலிருந்து வரிசையாக ஆட்கள் நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பார்கள் அல்லவா? அதுபோல ரத்தத்தில் உள்ள பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலையைக் கைமாற்றிக் கொடுத்து, கடைசியில் வலைபோன்ற நார்களை நெய்து காயத்தை அடைத்துவிடுகின்றன. இந்தப் புரதங்களை ஆஸ்பத்திரிகளில் 'பாக்டர்' என்று சொல்லி, எண் கொடுத்து அழைக்கிறார்கள். வரிசையில் எட்டாவது ஆள் வராவிட்டால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாவது ஆள் வராவிட்டால் ஹீமோபிலியா பி. குடம் அங்கேயே நின்றுவிடுகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். ருஷிய இளவரசனுக்கு இருந்தது இரண்டாவது வகை என்பதை 2009-ல் அவனுடைய எலும்புகளைக் கொண்டே விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

சிறு கீறலிலேயே ரத்தமெல்லாம் வடிந்து போய்விடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். அது அப்படியல்ல. உண்மையான அபாயம் வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் அடியே படாமல்கூட ரத்தம் கசியும். மூட்டு வீங்கும், தாங்க முடியாத வலி எடுக்கும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் மூட்டு தேய்ந்து, கால் மடங்கி, 15 வயதுப் பையன் 70 வயதுக் கிழவனைப் போல் நடப்பான். தலைக்குள் ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

தாயின்மேல் பழி

இந்த வியாதி ஆண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆனால் தாய் வழியாக வருகிறது. யூதர்களின் பழைய தர்ம நூலில், விருத்தசேதனத்தால் இரண்டு பிள்ளைகளை இழந்த தாய்க்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் அவனுக்கு அந்தச் சடங்கு வேண்டாம் என்று விதித்திருக்கிறார்கள். 1803-ல் பிலடெல்பியா நகரத்து ஆட்டோ என்ற வைத்தியர், ஒரே குடும்பத்தில் பெண்கள் சௌக்கியமாக இருக்க அவர்களுடைய பிள்ளைகள் ரத்தப் போக்கினால் மடிவதை எழுதி வைத்தார். காரணம் மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை.

இப்போது காரணம் தெரியும். நமது ஜீவ அணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம் என்னும் ஏடுகள் இருக்கின்றன. அந்த ஏடுகளில் எழுதியுள்ள கட்டளைகளே மரபணுக்கள். பாக்டர் 8, பாக்டர் 9 ஆகிய இரண்டுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றொன்று ஈடு செய்யும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் பிழை இருந்தால் வேறு கதியில்லை. ஆகவே பிழையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் வியாதி வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. வியாதியுள்ள ஆணுக்குப் பிறக்கும் மகன்கள் தந்தையிடமிருந்து இதைப் பெறமாட்டார்கள். மகள்கள் எல்லோரும் அந்தப் பிழையைச் சுமப்பார்கள்.

பிழை எத்தகையது என்பதும் விசித்திரமானது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மரபணுவின் ஒரு பெரும் பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று 1993-ல் கண்டுபிடித்தார்கள். பைண்டு செய்கிறவன் புத்தகத்தின் நடுவில் சில பாரங்களைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டதைப் போல. எழுத்தெல்லாம் இருக்கிறது; ஆனால் படிக்க முடியாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நமது வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், "இவள் வந்துதான் வம்சத்தைக் கெடுத்தாள்" என்று மருமகள்மேல் பழி விழுகிறது. மகாராணிக்கே தெரியாமல் அவர் உடலில் இருந்த ஒன்றுக்கு, மாயவரத்திலோ மதுரையிலோ உள்ள ஒரு பெண் எப்படிப் பொறுப்பாவாள்? மேலும், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இதற்குமுன் எவருக்கும் இந்த வியாதி இருந்ததே இல்லை. பிழை புதிதாகவே நேர்ந்திருக்கிறது. மாமன் மகளையோ அக்காள் மகளையோ கல்யாணம் செய்ததனால் வந்தது என்று சொல்வதும் பொருந்தாது. வேறு சில பரம்பரை வியாதிகளுக்கு அது காரணமாகலாம். ஆண் பிள்ளைக்கு ஹீமோபிலியா வருவதற்கு அசலில் பெண் எடுத்ததும் உறவில் பெண் எடுத்ததும் ஒன்றே.

ஊசியின் சரித்திரம்

1964-ல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற விஞ்ஞானப் பெண்மணி ஓர் எளிய உண்மையைக் கண்டார். உறைய வைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருகவிட்டால் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. அதில் பாக்டர் 8 நிறைய இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டிலேயே போட்டுக்கொள்ளக்கூடிய பாக்டர் பொடிகள் வந்தன. ஆனால் அந்தப் பொடி ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து செய்தது. 1980-களில் எய்ட்ஸ் கிருமியும் ஈரல் நோய்க் கிருமியும் அதன் வழியே பரவி, மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கான ஹீமோபிலியா நோயாளிகளைக் கொள்ளைகொண்டன. உயிர்காக்க வந்த மருந்தே யமனாயிற்று.

1984-ல் பாக்டர் 8-இன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பயனாக, மனித ரத்தத்தின் சம்பந்தமில்லாமல் சோதனைச்சாலையில் செய்த பாக்டர் 1990-களில் விற்பனைக்கு வந்தது. 2017-ல் எமிசிசுமாப் என்ற மருந்து வந்தது. இது வராத எட்டாவது ஆளுக்குப் பதிலாக வரிசையில் நின்று குடத்தை வாங்கிக் கொடுக்கிறது. இவையெல்லாம் பெரிய வரப்பிரசாதங்களே. ஆயினும் பாக்டர் 8 ரத்தத்தில் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ரத்தம் கசியாமல் காக்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசி, ஆயுள் முழுவதும். ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் இது. பானையையே அடைத்துவிட்டால் என்ன?

வைரஸ் என்னும் வாகனம்

அந்தக் கேள்வியின் விடைதான் மரபணு சிகிச்சை. பிழையுள்ள கட்டளையைத் திருத்துவதற்குப் பதிலாகச் சரியான கட்டளையின் பிரதி ஒன்றை ஜீவ அணுவுக்குள் சேர்த்துவிடுவது. அதை உள்ளே கொண்டுபோவது யார்? அணுவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதில் சமர்த்தன் வைரஸ். அதன் தீய சரக்கை எடுத்து எறிந்துவிட்டு, நாம் அனுப்ப விரும்பும் மரபணுவை அதில் ஏற்றி விடுகிறார்கள். திருடனின் வண்டியைப் பிடுங்கித் தபால் வண்டியாக மாற்றுவது போன்ற தந்திரம்.

ஆரம்ப காலத்தில் கசப்பான அனுபவங்களும் ஏற்பட்டன. 1999-ல் அமெரிக்காவில் வேறொரு வியாதிக்காக இச்சிகிச்சையின் பரீக்ஷைக்கு இசைந்த 18 வயது இளைஞர் ஒருவர் இறந்து போனார். பாரிஸ் நகரில் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளைக் குணப்படுத்தினார்கள். ஆனால் புகுத்திய மரபணு தகாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதால் அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது 2002-ல் தெரிய வந்தது. அதன் பிறகு விஞ்ஞானிகள் வெகு நிதானமாக அடியெடுத்து வைத்தார்கள்.

2011-ல் லண்டனிலிருந்து நற்செய்தி வந்தது. ஹீமோபிலியா பி உள்ள 6 பேருக்கு, ஈரலில் போய்ச் சேரும் 'ஏ.ஏ.வி.' என்ற சாதுவான வைரஸின் மூலம் மரபணுவைச் செலுத்தி வெற்றி கண்டார்கள். பிறகு இத்தாலியிலுள்ள பதுவா நகரத்திலிருந்து மற்றொரு உதவி கிடைத்தது. அங்கே ஒரு குடும்பத்தில் இயற்கையாகவே அமைந்த பாக்டர் 9, மற்றவர்களுடையதைவிடச் சுமார் 8 மடங்கு சுறுசுறுப்பாக வேலை செய்வதை 2009-ல் கண்டிருந்தார்கள். அந்த மரபணுவையே ஏற்றிச் செய்த மருந்துக்கு 2022-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. லண்டனில் முதலில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 13 வருஷங்களுக்குப் பிறகும் பலன் நீடிக்கிறது என்று 2025-ல் அறிக்கை வெளிவந்தது.

ஹீமோபிலியா ஏ இவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. பாக்டர் 8-இன் கட்டளை மிக நீளமானது, ஏ.ஏ.வி. என்னும் வண்டியோ மிகச் சிறியது. நடுவில் அவசியமில்லாத பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, எப்படியோ அடைத்து ஏற்றினார்கள். 2022-ல் ஐரோப்பாவிலும் 2023-ல் அமெரிக்காவிலும் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் முதல் வருஷம் உயர்ந்த பாக்டர் அளவு, வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. தவிர, இந்த வைரஸைச் சந்தித்து அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிக் கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது பலிக்காது. வளரும் குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல. ஈரல் வளர வளர, புகுத்திய பிரதிகள் புதிய அணுக்களுக்குப் போய்ச் சேராமல் நீர்த்துவிடும்.

வேலூரில் நடந்தது

இங்கேதான் நம்முடைய வேலூர் வருகிறது. 1806-ல் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கும்பினியாரைத் திகைக்க வைத்த அதே வேலூர்.

அவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடந்து வருகிறது. அந்த அனுபவம் கையில் இருந்ததனால், டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் அவருடைய சகாக்களும் ஈரலை விட்டுவிட்டு மஜ்ஜையை நாடினார்கள். வைரஸ் வாகனமும் அதில் ஏற்றிய மரபணுவும் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலை விஞ்ஞானிகளுடைய ஆராய்ச்சியில் உருவானவை. அவற்றை மனிதருக்கு முதல் முதலாகக் கொடுத்துப் பார்த்தது வேலூரில். இந்திய சர்க்காரின் பயோடெக்னாலஜி இலாகாவும் இதற்குத் துணை நின்றது.

முறை இதுதான். நோயாளிக்கு மருந்து கொடுத்து, மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கிறார்கள். ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் தாய் அணுக்கள் இவை. அவற்றை யந்திரத்தின் மூலம் பிரித்தெடுத்து, சோதனைச்சாலையில் 'லெண்டி வைரஸ்' என்ற வாகனத்தின் மூலம் மரபணுவை ஏற்றுகிறார்கள். எய்ட்ஸ் கிருமியின் விஷப் பல்லைப் பிடுங்கிச் செய்ததே இந்த வாகனம். ஒரு காலத்தில் ஹீமோபிலியா நோயாளிகளைக் கொன்ற கிருமியே இன்று அவர்களுக்கு மருந்து சுமக்கிறது! ஏற்றிய மரபணுவும் வெறும் மனித மரபணு அல்ல. மனிதனுடைய பாக்டரில் பன்றியினுடைய பாக்டரின் சில பகுதிகளைச் சேர்த்து, அதிகமாகச் சுரக்கும்படி அமைத்தது. பிறகு கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை ஒழித்துவிட்டு, திருத்திய அணுக்களை ரத்தம் ஏற்றுவதைப் போலவே நரம்பின் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அவை மஜ்ஜையில் போய்க் குடியேறி, பெருகி, அவற்றின் சந்ததியான வெள்ளணுக்கள் பாக்டர் 8-ஐச் சுரக்கின்றன. தாய் அணுவிலேயே கட்டளை பதிந்துவிட்டதால் அது நீர்த்துப் போவதில்லை.

22 முதல் 41 வயது வரையுள்ள 5 பேர் இந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்ற பிரசித்தி பெற்ற பத்திரிகையில் வெளிவந்தன. குறைந்தது 9 மாதமும் அதிகமாக 27 மாதமும் கவனித்ததில், ஐவருக்கும் சேர்த்து 81 மாதங்களில் ரத்தப்போக்கு ஒரு தடவைகூட ஏற்படவில்லை. பிறந்தது முதல் ஊசியையும் வீக்கத்தையும் தவிர வேறு அறியாதவர்களுக்கு இந்தப் பூஜ்யத்தைவிடப் பெரிய எண் எது?

உற்சாகத்தில் உண்மையை மறந்துவிடக் கூடாது. ஐந்து பேர் என்பது சிறு எண்ணிக்கை. பழைய மஜ்ஜையை ஒழிக்கும் மருந்துகள் கடுமையானவை. சில வாரங்கள் உடலில் எதிர்ப்புச் சக்தியே இராது. மகப்பேற்றுக்குப் பங்கம் வரவும் கூடும். பாரிஸில் நேர்ந்தது நேராது என்று சொல்ல இன்னும் பல வருஷங்கள் கவனிக்க வேண்டும். நாளைக்கே வேலூருக்கு ரயில் ஏறிப் போய்ச் சிகிச்சை கேட்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

விலை என்ன?

அப்படியானால் இதில் நமக்கு என்ன பெருமை? விலையைக் கேட்டால் விளங்கும். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தின் விலை ஒருவருக்கு 35 லக்ஷம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 30 கோடி ரூபாய்! 2024-ல் அனுமதி பெற்ற மற்றொரு மருந்தை வாங்குவார் அதிகம் இல்லாமையால் அதைச் செய்த கம்பெனியே மறு வருஷம் நிறுத்திவிட்டது. செல்வம் கொழிக்கும் தேசத்துக்கே கட்டுபடியாகாத மருந்து, கூலி வேலை செய்கிறவனின் மகனுக்கு எப்படி எட்டும்?

அந்நியத் துணிக்காகக் காத்திருந்தவரையில் நம் நெசவாளியின் வயிறு நிறையவில்லை. மருந்து விஷயமும் அப்படித்தான். பிறர் செய்து முடித்து, விலை குறையட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் முழங்கால்கள் போய்விடும். இந்தச் சிகிச்சையை நம் ஆஸ்பத்திரிகளிலேயே, நம் டாக்டர்கள் கையாலேயே செய்ய முடியும் என்று காட்டியதுதான் வேலூர் செய்த காரியம். எமரியிலிருந்து வந்ததை எமரியிலிருந்து வந்ததாக ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை. அடுத்த வாகனத்தை இங்கேயே கட்டக் கற்றுக்கொள்ளாவிட்டால்தான் குறைவு.

அதுவரையில்

நாளைய சிகிச்சை வரும்போது இன்றைய பையன் நல்ல மூட்டுகளோடு இருக்க வேண்டும். தேய்ந்த மூட்டை எந்த மரபணுவாலும் திரும்பக் கொடுக்க முடியாது. ஆகையால் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

தவழும் குழந்தைக்குக் காரணமில்லாமல் நீலத் தழும்புகள் தோன்றினாலும், பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலும், முழங்கால் அடிக்கடி வீங்கினாலும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீங்கிய மூட்டைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது பெரும் ஆபத்து. ரத்தம் இன்னும் பெருகும். ஐஸ் வைத்து, அசையாமல் படுக்கச் செய்து, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. டாக்டரிடம் ஹீமோபிலியா என்று சொல்லாமல் சதையில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. பல மாநிலங்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்த அளவே ஆனாலும் முன்கூட்டியே ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் மூட்டுகளைப் பெரிதும் காக்கலாம். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஹீமோபிலியாவை ஊனங்களின் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறது. அதனால் கிடைக்கும் சலுகைகளையும் கேட்டுப் பெற வேண்டும்.

என் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்தில் பத்து நாள் வராத பையனைச் சோம்பேறி என்று பெஞ்சின்மேல் ஏற்றும்முன் அவன் முழங்காலை ஒருமுறை பாருங்கள். இந்த வியாதி அறிவைத் தொடுவதில்லை. விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்தால் அவன் மற்றவர்களுக்குச் சமமாக வருவான். காலால் ஓடி ஆட முடியாதவனுக்குப் படிப்புத்தான் பிழைப்பு. அதையும் நாம் பறித்துவிடலாகாது.

சக்கரவர்த்தினியால் தன் மகனுக்கு வாங்கிக் கொடுக்க முடியாமற் போனதை, நமது தேசத்து ஏழைத் தாய் ஒருத்தி தன் மகனுக்குத் தர்ம ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறும் நாள் வர வேண்டும். அது கனவு அல்ல என்பதற்கு வேலூரில் ஐந்து பேர் நடமாடிச் சாட்சி சொல்கிறார்கள். சர்க்கார் பணம் ஒதுக்கட்டும். சர்வகலாசாலைகள் இளைஞர்களைத் தயார் செய்யட்டும். அந்த நாள் வரும்வரை பிள்ளையின் முழங்காலைக் காப்பது நம் பொறுப்பு.